ராயம்மாளுக்கு அளவெடுத்த காது

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. உரக்கப் பேச எனக்குத் தெம்பில்லை. மெதுவாகச் சொன்னாலும் விழுகிற தூரத்துக்கு வந்துவிட்டால், ராயம்மாள் கதையை ஒன்று விடாமல் சொல்லுகிறேன். நீங்களும் வேலை முடித்து அலுப்போடுதான் வந்திருக்கீங்க. இதுவும் அலுத்துப்போன ஒருத்தியின் கதைதான். கால் நீட்டிக்கொண்டே கேட்கலாம்.

அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. செஞ்சியில் எங்கள் தெருவில்தான் காஸ்பர் குடியிருந்தார். சொந்த வண்டி மாடு. தொண்டூர், மேல்சித்தாமூர் பக்கத்துக் களங்களிலிருந்து மல்லாட்டை மூட்டைகளை மண்டிக்கு ஏற்றி வருவார். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அவர் பெண்சாதி ராயம்மாள் மண்டியிலிருந்து மூட்டை வாங்கி வந்து, வீட்டிலேயே உடைத்துப் பருப்பாக்கிக் கொடுப்பாள். காஸ்பரின் அக்கா அருளம்மாளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். புருஷன் தவறிய பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்.

ராயம்மாளுக்குக் கல்யாணமான மறுவருஷம் விஷ ஜுரம் வந்தது. ஜுரம் இறங்கியது, போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். யாராவது வாயைத் திறந்தால் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொழுது சாயும்போது கண் எரியும் என்பாள். கை வேலையை விட இந்த வாய் பார்க்கிற வேலைதான் அவளை அதிகம் அலுக்க வைத்தது.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானம் என்று பேர் வைத்தார்கள். தவழ ஆரம்பித்த வயசில் குழந்தைக்கு ஜுரம் கண்டது. மருந்து கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, ராயம்மாள் தோட்டத்துப் பக்கம் மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தாள். தூளியைப் பார்த்தபடிதான் முதலில் உட்கார்ந்தாள். வெயில் கண்ணில் அடித்தது. திரும்பி உட்கார்ந்தாள். குழந்தைக்கு ஜன்னி கண்டு அலறியிருக்கிறது. எதிர் வீட்டுக் காத்தாயி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் ராயம்மாளுக்குத் தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது அருளம்மாள் யாரிடமோ சொன்னாள், "தெருவுக்கே கேட்டுது, பெத்தவளுக்குக் கேக்கல." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லியிருக்கலாம். திருப்பவில்லை. ராயம்மாள் உதட்டில் படித்துவிட்டாள். அருளம்மாள் அப்புறம் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. ஒரு தரமே போதுமே.

அதற்குப் பிறகு ராயம்மாளுக்கு ஒரே ஒரு கேள்விதான். எனக்குக் காது கேட்காது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் தூளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேனே, அது பாவமா? இதைக் கோயில் சாமியாரிடம் கேட்க வேண்டும். அவர் சொல்கிற பதிலைத் தன் காதால் கேட்க வேண்டும்.

இதில் இன்னா கஷ்டம் என்பீர்கள். எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் சாமியார் உட்காருவார், பக்கத்தில் ஓட்டை போட்ட பலகை, அதற்கு இந்தப் பக்கம் நாம் முழங்கால் போட்டு நம் பாவங்களை மெதுவாகச் சொல்லுவோம். ராயம்மாள் போனால் மட்டும் அருளானந்தம் சாமியார் கத்துவார். வேறு வழி இல்லை அவருக்கு. "பூசை தவறினியா? பொய் சொன்னியா? அபராதமா பிரியதத்த மந்திரம் சொல்லு!" பெஞ்சில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், சிரிப்பை அடக்க. அபராதம் என்றால் பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் செய்யச் சொல்லுவது, பிரியதத்தம் என்றால் மாதாவை வாழ்த்துகிற மந்திரம். ராயம்மாள் அபராதம் எப்போதும் தெருவுக்கே தெரியும். அதனால் கோழியைத் திட்டினேன், புருஷனை எதிர்த்துப் பேசினேன் என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். பெரிய கேள்வியை எடுத்துக்கொண்டு போவதும், கேட்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு வருவதுமாக வருஷங்கள் போயின.

அவள் தம்பி ஆரோக்கியநாதன் பட்டணத்தில் ஒரு வக்கீல் வீட்டில் கார் ஓட்டினான். அந்த வக்கீல் காலமானார். அவர் போட்டிருந்த காது மெஷினை வீட்டம்மா இவனிடம் கொடுத்துவிட்டார். கிறிஸ்மஸ் பண்டிகைக்கு வரும்போது கொண்டுவந்தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் பித்தான் போல ஒன்று, அதில் காதுக்குள் வைக்கிற கட்டியான பிளாஸ்டிக். மாட்டிவிட்டு, "அக்கா, கேக்குதா?" என்றான். ராயம்மாள் திடுக்கென்று பின்னால் போனாள். அப்புறம் அழுதாள். "உன் குரல் இன்னாடா இப்படித் தடிச்சுப் போச்சு" என்றாள். ஜுரத்துக்கு முன்னால் கேட்ட குரல் பொடியனுடையது இல்லையா?

காஸ்பர் பார்த்துவிட்டுச் சொன்னார், "வக்கீல் காதை மாட்டிக்கினு இருக்கா. இனிமே பொய் மட்டுந்தான் கேக்கும்."

"அப்போ ஒங்க பேச்செல்லாம் நல்லாக் கேக்கும்" என்றாள் ராயம்மாள்.

நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் அருளம்மாள் சும்மா இருப்பாளா? புது சாமான் வந்தால் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்குவது எங்கள் வழக்கம். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தாள். மந்திரித்த பொருள் ஆயிற்றே, மாதா படம் வைத்துக் கழுத்தில் தொங்கவிடுகிற உத்தரியம் மாதிரி மார்போடு இருக்கவேண்டும் என்று சிவப்புத் துணியில் பை தைத்து, நான்கு பக்கமும் மூடி, ராயம்மாள் கழுத்து உத்தரியத்தோடு சேர்த்து ரவிக்கைக்கு உள்ளே போட்டுவிட்டாள்.

அன்றையிலிருந்து ராயம்மாளுக்குக் கேட்டதெல்லாம் கரகர என்று துணி உரசுகிற சத்தம், திமுதிமு என்று தன் நெஞ்சு அடிக்கிற சத்தம். பேச்சு எங்கோ கிணற்றுக்குள் கிடந்தது. அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. காது கேட்கிறவர்களுக்கெல்லாம் உலகம் இப்படித்தான் இருக்கும் போல, எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்களோ என்று நினைத்தாளாம். பல வருஷம் கழித்து என்னிடம் இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு.

அது ஒரு தொல்லை. அந்தக் காதுக்கட்டி இன்னொரு தொல்லை. வக்கீலுக்கு அளவெடுத்துச் செய்தது அது. அவருடைய காது பெரிசு போலிருக்கிறது. ராயம்மாள் காதில் மேலே ஒரு இடத்தில் முட்டும், கீழே ஒரு இடத்தில் இடைவெளி விடும். இடைவெளி விட்டால் மெஷின் கூவும். உள்ளே போகவேண்டிய சத்தம் வெளியே கசிந்து, திரும்பப் பெட்டிக்கே போய், அப்படிக் கூவுமாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் தலை குனிந்து மூச்சு விடாமல் இருக்கிற நேரம், கீ என்று கூவியது. சாமியாரே திரும்பிப் பார்த்தார். ராயம்மாளுக்கு மட்டும் அது கேட்கவில்லை. எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியதைத்தான் பார்த்தாள்.

அருளம்மாளுக்கு மானம் போயிற்று. காணிக்கை மாதா திருநாளில் மந்திரித்த மெழுகுதிரி வீட்டில் இருந்தது. இடி மின்னலுக்கும் பிரசவத்துக்கும் ஏற்றுவோமே, அதேதான். அதில் ஒரு துண்டை இளக்கிக் காதுக்கட்டியில் அப்பி, இடைவெளியை அடைத்தாள். "மந்திரிச்ச மெழுகு. இனிமே கூவாது பாரு" என்றாள்.

கூவவில்லைதான். ஆனால் மெழுகுக்குச் செஞ்சி வெயில் தெரியாதே. சுற்றியுள்ள மலைப் பாறையில் சூடு ஏறி ஊர்மேல் இறங்குகிற ஊர் இது. ராயம்மாள் மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தாள், மெழுகு இளகிக் காதுக்குள் ஓடியது. சத்தம் வருகிற துளையும் அடைந்துபோயிற்று. பழந்துணியால் துடைத்துத் துடைத்துக் காது புண்ணாகி நீர் வடிந்தது. மெஷினைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டாள்.

"எனக்கு வேணாம் அண்ணி. செவிடாவே இருந்துட்டுப் போறேன். அலுத்துப் போச்சு" என்றாள்.

"எனக்கு மட்டும் அலுக்கலையா? ஒன் காதுல கத்திக் கத்தி என் தொண்டையே கிழிஞ்சு போச்சு" என்றாள் அருளம்மாள்.

புண் ஆறியதும் ஆரோக்கியநாதனே வந்து பட்டணத்துக்குக் கூட்டிப்போனான். அருளம்மாளும் கூடப் போனாள். காதுக்கு அச்சு எடுக்கிற இடம் ஒரு மாடியில் இருந்தது. அங்கே இளையபெருமாள் என்று ஒருவர், சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். சிவப்புப் பையைப் பார்த்தார். பிரித்தார். உள்ளே இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இதோ பாரும்மா, இந்தச் சின்னச் சின்ன ஓட்டைதான் மெஷினுக்குக் காது. அதைத் துணி போட்டுக் கட்டிட்டா அதுவும் செவிடு, நீயும் செவிடு. இது வெளியதான் இருக்கணும்."

"மந்திரிச்ச பொருள் ஐயா அது. மேல மாட்டிக்கினு ஊருக்குக் காட்டவா?" என்றாள் அருளம்மாள்.

"எங்க வீட்ல சாமி படத்தைச் செவுத்துலதான் மாட்டி வெச்சிருக்கோம், பொட்டிக்குள்ள பூட்டல" என்றார் அவர்.

ராயம்மாள் காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை முதலில் வைத்தார். வெள்ளைத் தூளைத் தண்ணீரில் குழைத்து, சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்பு பதத்தில் காதுக்குள் விட்டார். முதலில் சில்லென்று இருந்தது. அப்புறம் வெதுவெதுவென்று சூடு வந்தது. தலையைச் சாய்த்து மேசைமேல் வைத்தபடி அப்படியே இருக்கச் சொன்னார். இத்தனை நேரம் ஒன்றும் செய்யாமல் தலையைச் சாய்த்துக் கிடந்தது எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்று ராயம்மாள் சொன்னாள். தூங்கியே போய்விட்டாளாம்.

இறுகியதும் மெல்லத் திருகி எடுத்துக் கையில் கொடுத்தார். காதின் உள்வளைவு முழுக்க அதில் இருந்தது. "இதுவா என் காது?" என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

அந்த அச்சை வைத்துப் புதுக் கட்டி செய்து முடிகிறவரைக்கும் தம்பி வீட்டிலேயே தங்கினார்கள். மறுபடி போனபோது இளையபெருமாள் அதைக் காதில் பொருத்திவிட்டு, "எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"பரவால்ல" என்றாள் ராயம்மாள்.

"வலிக்குதா?"

"பரவால்லீங்க."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "பரவால்லன்னு சொன்னா நான் எதைம்மா ராவுறது? வலிக்கிற எடத்தைக் காட்டு. காட்டினாத்தான் எனக்கு வேலை."

ராயம்மாள் நாத்தனாரைப் பார்த்தாள். அப்புறம் காதின் மேல்மடிப்பில் விரலை வைத்தாள். "இங்க" என்றாள். ராவிக் கொடுத்தார். "இப்போ?" "இன்னும் கொஞ்சம் உள்ள." மறுபடி ராவினார். இப்படி அவள் சொல்லச் சொல்ல அவர் ராவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கையைக் கீழே இறக்கிவிட்டாள். காதில் ஒன்று இருப்பதே தெரியவில்லை.

"ஒரேயடியா மாட்டிக்கினு திரியாதே. கொஞ்ச நேரம் போடு, கழட்டி வை. காது பழகணும், தலையும் பழகணும். அலுப்பா இருந்தா கழட்டிடு, ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லி அனுப்பினார்.

அலுப்பாகத்தான் இருந்தது கண்ணுங்களா. நீங்களெல்லாம் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகினவர்கள். வேண்டாத சத்தத்தைத் தள்ளிவிட உங்களுக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. அண்டா உருண்டாலும், காக்காய் கத்தினாலும், புருஷன் கூப்பிட்டாலும் எல்லாம் ஒரே அளவில் வந்து விழும். மல்லாட்டை ஓடு உடைகிற சத்தம் சரவெடி மாதிரி இருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் போடுவாள், தலை வலிக்கும், கழற்றுவாள். சிவப்புப் பையில் அருளம்மாளே முன்பக்கம் வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தாள். அதை ரவிக்கைக்கு மேலே ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். "இன்னா ராயம்மா, ரேடியோவா? பாட்டு வருமா?" என்று காத்தாயி கேட்டாள். "ஒன் பாட்டுதான் வருது, நிறுத்துற மாதிரி திருகு இருக்குது" என்றாள் ராயம்மாள். ஊக்கு மாட்டிய இடத்தை முந்தானையால் மூடத்தான் கை போகும். மூடினால் கரகர என்னும். கையை எடுத்துவிடுவாள்.

நோன்பிருக்கிற தபசு காலம் முடியப் போகிறது. ஈஸ்டர் பண்டிகையான பாஸ்குக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கோயிலில் நல்ல கூட்டம். அருளம்மாள் முதலில் போய்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து அபராத மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன், என் முறைக்கு. ராயம்மாள் தொட்டிப் பக்கம் போய் முழங்கால் போட்டாள்.

அருளானந்தம் சாமியார் பலகை ஓட்டையில் பார்த்தார், யாரென்று தெரிந்தது, எடுத்த எடுப்பில் கத்தினார். "எத்தினி மாசமாச்சும்மா?"

"மெதுவா பேசுங்க சாமி. இப்போ கேக்குது" என்றாள்.

எங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் விழவில்லை. உள்ளே நடந்ததை அவள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று இப்போது அவளுக்கே கேட்டது. அதனால் இறக்கிப் பேச முடிந்தது. கேட்டுவிட்டாள். தூளி, வெயில், திரும்பி உட்கார்ந்தது, எல்லாம். "எனக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும் சாமி. தெரிஞ்சே முதுகைக் காட்டினேன். அது பாவமா?"

சாமியார் பேசவில்லை. யோசித்தாரோ, மனசு கலங்கினாரோ. அவருக்கும் வயசாகிவிட்டது. ராயம்மாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துப் பார்த்து இந்த நேரத்திலா மெஷின் நின்றுபோகவேண்டும் என்று அவளுக்குப் பதற்றம். பெட்டியை விரலால் தட்டினாள், திருகைத் திருகினாள், காதைத் தொட்டாள். பலகை ஓட்டை வழியாகச் சாமியார் அதைப் பார்த்தார். ஐயோ, இவளுக்குக் கேட்கவில்லை போல என்று நினைத்துவிட்டார். பழைய பழக்கம் வந்துவிட்டது.

"அது பாவமில்ல ராயம்மா! புள்ள போனது ஒன் குத்தமில்ல! காது கேக்காதது ஒன் குத்தமில்ல!"

கோயில் முழுக்க அது போய் மோதித் திரும்பி வந்தது. பெஞ்சில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அருளம்மாளின் கையில் ஜெபமாலை அப்படியே நின்றது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். முதுகு கொஞ்சம் குனிந்தது.

உள்ளே ராயம்மாளுக்குக் காது வெடித்துப்போன மாதிரி இருந்ததாம். திருகை வேறு கூட்டி வைத்திருந்தாளே. கையால் பொத்திக்கொண்டாள். எதற்காக இத்தனை பாடுபட்டாளோ, அது போயிற்று. ஊரே கேட்டுவிட்டது. சாமியாரும் தான் செய்ததை உணர்ந்துவிட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுத்தான் கேட்டது. மெஷின் நிற்கவில்லை, மூச்சு கேட்கிறதே என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்புறம் பலகையோடு வாயை வைத்து, அவர் மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"மன்னிச்சிக்கம்மா. பழக்க தோஷம். கத்திட்டேன்."

சாமியார் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டு அவள் முழங்காலில் இருந்தாள். "பரவால்ல சாமி" என்று சொல்ல வாய் வந்ததாம். சொல்லவில்லை. "காது வலிக்குது சாமி" என்றாள்.

"வலிக்கும். வலிக்கும்மா" என்றார். "நான் சொன்னது கேட்டுதா?"

"கேட்டுது. இன்னொரு வாட்டி சொல்லுங்க. மெதுவா."

சொன்னார். அது எங்களுக்கு விழவில்லை. அவளுக்கு விழுந்தது.

"அபராதம் இன்னா சாமி?"

"ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லு. சொல்லிட்டு வூட்டுக்குப் போயி, காதுல இருக்கிறத கழட்டி வெச்சிட்டுக் கொஞ்சம் படு. பகல்ல படு. அதுவும் அபராதந்தான், மறந்துடாதே."

குழந்தை போனதிலிருந்து ராயம்மாள் வீட்டில் பகலில் பாய் விரித்ததில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்குப் போனாள். மெஷினைக் கழற்றினாள். மல்லாட்டை மூட்டை வாய் பிரித்தபடி கிடந்தது. பாயை விரித்துப் படுத்தாள். பின்னாலேயே வந்த அருளம்மாள் வாசல்படியில் நின்று, "இந்நேரத்துல இன்னா படுக்கை?" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். ராயம்மாள் உதட்டைப் பார்த்தாள்.

"சாமியார் குடுத்த அபராதம் அண்ணி."

அபராதத்தோடு யார் சண்டை போட முடியும்? அருளம்மாள் உள்ளே வந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மூட்டையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, தானே உடைக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு கொட்டையாக, சத்தம் வராமல், விரலால் அழுத்தி உடைத்தாள். எதிர் வீட்டிலிருந்து காத்தாயி உரத்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டு வந்தாள். அருளம்மாள் கையைக் காட்டினாள்.

"மெதுவா பேசு. ராயம்மா தூங்குது."

"அவ மெஷினைக் கழட்டிட்டாளே. அவளுக்குத்தான் கேக்காதே" என்றாள் காத்தாயி.

"கேக்காட்டி இன்னா. வாயை மூடிக்கினு போடி" என்றாள் அருளம்மாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்திருங்க, கால் மரத்திருக்கும். மாதா உங்கள் வீட்டை நிழல் மாதிரி மூடிக் காக்கட்டும். உலை வைத்த வீட்டில் அரிசிக்குக் குறை வராமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைக்கிறதுக்குள் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு நோவு இருந்தால், அதை விரல் வைத்துக் காட்ட அவர்களுக்கு வாய் வரட்டும், பார்த்துக் கேட்க உங்களுக்குப் பொறுமை வரட்டும். படுத்தவுடன் எல்லாருக்கும் நல்ல தூக்கம் வரட்டும்.